அரிசி ஆலை எலிவேட்டருக்கு எச்சரிக்கைக் கருவி: அரவை ஒப்பந்தத்திலேயே நிபந்தனையாக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சம்பா நெல் வரத்து தொடங்கிவிட்டால் காங்கேயம், ஆரணி, செங்குன்றம், தஞ்சை வட்டார அரிசி ஆலைகளில் இயந்திரங்களுக்கு ஓய்வே கிடையாது. அந்த ஓட்டத்தில் உமி நீக்கும் ஷெல்லர், அரிசியைத் தீட்டும் பாலிஷர், கறுப்பு மணியைப் பிரிக்கும் கலர் சார்ட்டர் என ஒவ்வொன்றையும் பார்த்துக்கொள்ள ஆள் இருப்பார். நெல்லைக் குழியிலிருந்து அள்ளி மேல்தளத்துக்கு ஏற்றும் பக்கெட் எலிவேட்டருக்கு மட்டும் தனியாக ஆள் கிடையாது. தகரக் கூட்டுக்குள் ஓடுவதால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அடைத்துக்கொண்டால்தான் அதன் ஞாபகமே வரும். கேட்பாரற்ற இந்த இயந்திரத்தில்தான் விரல் போகிறது, பெல்ட் பற்றி எரிகிறது. இதற்கு என்னென்ன எச்சரிக்கைக் கருவிகள் வேண்டும், எங்கே பொருத்தினால் அவை வேலை செய்யும், எப்படிப் பொருத்தினால் பெயருக்கு மட்டும் இருக்கும் என்பதை ஆலைப் பராமரிப்பிலும் மின் பேனல் வேலையிலும் இருக்கும் நாங்கள் எழுதுகிறோம். அரசு நெல்லை அரைக்கும் ஆலைகளிலாவது இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை.

'மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால் நிறுத்திவிடும் ஓவர்லோடு ரிலே இருக்கிறதே, அது போதாதா?' என்று ஆலை உரிமையாளர்கள் கேட்பார்கள். போதாது. மணிக்கு 10 டன் நெல்லை 15 மீட்டர் உயரத்துக்குத் தூக்க 2 எச்.பி. மோட்டார் தாராளமாகப் போதும். அதன் முழுச்சுமை மின்னோட்டம் ஏறத்தாழ 3.5 ஆம்பியர், ரிலேயையும் அதற்கேற்பத்தான் வைத்திருப்பார்கள். அடியில் நெல் அடைத்துப் பெல்ட் நின்றுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் சுற்றும் மேல் புல்லி (பெல்ட் ஓடும் உருளை) நிற்காது. நின்ற பெல்ட்டின்மேல் வழுக்கியபடியே சுற்றிக்கொண்டிருக்கும். அப்போது மோட்டார் இழுப்பது 3 ஆம்பியராக இருக்கலாம், அதற்கும் குறைவாகவும் இருக்கலாம். ரிலேயைப் பொறுத்தவரை எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் நெல்லைத் தூக்க வேண்டிய சக்தி முழுவதும் புல்லிக்கும் பெல்ட்டுக்கும் நடுவே சூடாக மாறுகிறது. 1,000 வாட் சுருள் அடுப்பு ஒன்றைப் பெல்ட்டின் ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்திருப்பதற்குச் சமம் அது. முதலில் புல்லியின் மேலுள்ள ரப்பர் உறை கருகும், பிறகு பெல்ட் கருகும், கடைசியில் அறுந்து எரிந்தபடியே கீழே குழியில் விழும். விழுகிற வழியெல்லாம் தூசு. ஒரு கன மீட்டர் காற்றில் 50 கிராம் அளவுக்குத் தானியத் தூசு மிதந்தாலே வெடிக்கப் போதுமானது. ஓடுகிற எலிவேட்டர் கூட்டுக்குள் அது எந்நேரமும் மிதந்துகொண்டுதான் இருக்கும். அந்தத் தகரக் கூடும் புகைபோக்கி மாதிரி நெருப்பை மேலே இழுக்கும்.

ஆகவே மோட்டாரைக் கவனித்துப் பயனில்லை, பெல்ட்டைக் கவனிக்க வேண்டும். பெல்ட் ஓடுகிறதா என்பதைக் கீழ் புல்லிதான் சொல்லும், ஏனென்றால் அதைச் சுற்றுவது பெல்ட் மட்டுமே. வேக சென்சாரை மேல் புல்லியின் தண்டில் பொருத்தி, 'சென்சார் போட்டாச்சு' என்று கணக்குக் காட்டும் ஆலைகள் உண்டு. பேனலிலிருந்து கேபிள் இழுக்கச் சுலபம், குழிக்குள் இறங்க வேண்டாம் என்பதுதான் காரணம். மேல் தண்டை மோட்டாரே சுற்றுகிறது. கீழே பெல்ட் செத்துக் கிடந்தாலும் அந்தச் சென்சார் 'ஓடுகிறது' என்றுதான் சொல்லும். இல்லாததைவிட இது ஆபத்து, ஏனென்றால் எல்லோரும் அதை நம்பியிருப்பார்கள்.

பொருத்தும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். கீழ் தண்டின் வெளிமுனையில் ஒரு சிறு தட்டை மாட்டி, அதில் எதிரெதிரே இரண்டு போல்ட் தலைகள் இருக்கட்டும். எதிரே 8 மில்லிமீட்டர் உணர்தூரமுள்ள இண்டக்டிவ் பிராக்ஸிமிட்டி சென்சாரை (தொடாமலே உலோகத்தை உணர்வது) 4 மில்லிமீட்டர் இடைவெளியில் நிறுத்துங்கள். புல்லி 300 மில்லிமீட்டர் விட்டம், நிமிடத்துக்கு 80 சுற்று என்றால் பெல்ட் வேகம் நொடிக்கு சுமார் 1.25 மீட்டர், சென்சாருக்கு நிமிடத்துக்கு 160 துடிப்பு கிடைக்கும். 10 சதவீதம் குறைந்து 144-க்கு வந்தால் எச்சரிக்கை ஒலிப்பானான ஹூட்டர் அடிக்க வேண்டும். 20 சதவீதம் குறைந்து 128-க்கு வந்தால் எலிவேட்டர் நிற்க வேண்டும். எலிவேட்டர் மட்டும் நின்றால் போதாது, அதற்கு நெல் கொட்டும் கன்வேயரோ சல்லடையோ அதே நொடியில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் நின்ற எலிவேட்டருக்குள் நெல் கொட்டிக்கொண்டே இருக்கும்.

இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு தவறு: பல எலிவேட்டர்களில் பெல்ட்டை இறுக்கும் திருகு அடியில்தான் இருக்கிறது. பெல்ட் தளர்ந்தால் கீழ் புல்லியைப் பேரிங்கோடு சேர்த்து இறக்குவார்கள். சென்சாரின் பிராக்கெட்டைக் கூட்டில் வெல்டிங் செய்திருந்தால் தண்டு இறங்கும், சென்சார் இறங்காது. புது பெல்ட் முதல் சில வாரங்களில் நன்றாக நீளும். இரண்டு முறை இறுக்கியதும் போல்ட் தலை சென்சாரின் பார்வையிலிருந்து விலகிவிடும். காரணமில்லாமல் ட்ரிப் ஆகிறது (தானாக நிற்கிறது) என்று எலக்ட்ரீஷியன் வந்து, சென்சாரைத் தவிர்த்து ஓடும்படி இரண்டு ஒயரை முறுக்கிவிட்டுப் போய்விடுவார். பிராக்கெட்டை நகரும் பேரிங் தட்டிலேயே மாட்டியிருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது. கேபிளை வெறுமனே தொங்கவிடாமல் வளையும் உலோகக் குழாய்க்குள் விட வேண்டும். நெல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும், எலிக்குக் கேபிளும் நெல்லும் ஒன்றுதான். தட்டின்மேல் ஒரு மூடியும் வேண்டும். சுற்றும் போல்ட் சேலையையோ லுங்கியையோ பிடித்துவிடக் கூடாது.

ரிலே இணைப்பில் ஒரு விதியை விடவே கூடாது. எல்லாம் சரியாக இருக்கும்போது ரிலேயில் மின்சாரம் இருக்க வேண்டும். கோளாறு வந்தால் ரிலே விழ வேண்டும், அதாவது மின்சாரம் போய் இணைப்பு விட்டுவிட வேண்டும். அப்படி இணைத்தால் எலி கடித்தாலும், ஃபியூஸ் போனாலும், சென்சாரே செத்தாலும் எலிவேட்டர் நின்றுவிடும். தலைகீழாக இணைத்தால் கேபிள் அறுந்ததே தெரியாமல் ஒரு பருவம் முழுக்க ஓடும்.

எலிவேட்டர் கிளம்பி முழு வேகம் எடுக்க 3 முதல் 5 நொடி ஆகும். அதுவரை சென்சாரைக் கண்டுகொள்ளாமல் இருக்க டைமரை 8 நொடி வைத்தால் தாராளம். நாங்கள் திறந்து பார்க்கும் பேனல்களில் அது 60 நொடியில் நிற்கிறது. அடைத்த எலிவேட்டரை 'ஒரு தட்டு தட்டிப் பார்ப்போம்' என்று நாலு தடவை ஸ்டார்ட் செய்தால், நாலு நிமிடம் எந்தக் காவலும் இல்லாமல் மேல் புல்லி பெல்ட்டைத் தேய்க்கிறது. இரண்டு முறை ட்ரிப் ஆனால் சாவி போட்டு ரீசெட் செய்தால்தான் மூன்றாவது முறை கிளம்பும்படி வைப்பதே சரி. சாவி ஷிப்ட் பொறுப்பாளரிடம் இருக்கட்டும். 'கரண்ட் லோ வோல்டேஜ், அதனால்தான் ட்ரிப் ஆகிறது' என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். 415 வோல்ட் 370-க்கு இறங்கினாலும் இண்டக்ஷன் மோட்டாரின் சுற்று இரண்டு மூன்று சதவீதம்தான் குறையும். 10 சதவீதம் குறைந்திருக்கிறது என்றால் பெல்ட் நிஜமாகவே வழுக்குகிறது.

இனி விரல் போகும் கதை. எங்களை மிகவும் வருத்துவது இதுதான், ஏனென்றால் இதில் அடிபடுபவர் தவறு ஏதும் செய்திருக்க மாட்டார். மின்சாரத்தை அணைத்துவிட்டுத்தான் கை வைத்திருப்பார்.

மேலே சொன்ன அதே எலிவேட்டரில், ஏறும் பக்கம் மீட்டருக்கு இரண்டு கிலோவுக்கு மேல் நெல் இருக்கும். 15 மீட்டருக்கு சுமார் 33 கிலோ. இறங்கும் பக்கம் வெறும் பக்கெட்டுகள். மோட்டார் நின்றதும் அந்த 33 கிலோ பெல்ட்டைத் தலைகீழாக இழுக்கப் பார்க்கும். அடிப்பெட்டியில் அடைத்திருக்கும் நெல்லே பக்கெட்டுகளைக் கவ்விப் பிடித்து அதைத் தடுத்து நிறுத்தியிருக்கும். பெல்ட் அசையாமல் நிற்பதால் செத்துவிட்டது என்று நினைத்து, தொழிலாளி அடைப்பெடுக்கும் கதவைத் திறந்து கையால் நெல்லை வாருகிறார். வார வார பிடி தளர்கிறது. சாக்கிலிருந்து வந்த ஒரு சணல் கயிறு பக்கெட்டுக்கும் தகரத்துக்கும் இடையே சிக்கியிருக்கும். அதைப் பிடித்து இழுப்பார். அந்தக் கயிறு விட்ட கணத்தில் மொத்தச் சுமையும் இறங்கும், பக்கெட் விளிம்பு பின்னோக்கி வரும். கையை எடுக்க நேரமே இருக்காது. மணிக்கு 20 டன் தூக்கும் எலிவேட்டராக இருந்தால் சுமை சுமார் 66 கிலோ.

இதற்கு எந்தச் சென்சாரும் மருந்தாகாது. மேல் தண்டில் பின்னோட்டத் தடுப்பு வேண்டும். கியர்பாக்ஸோடு சேர்த்தே வாங்கலாம், அல்லது மோட்டாரில் பிரேக் வைக்கலாம். நெல் நிறைந்த நிலையில் நிறுத்திப் பார்த்தால் பெல்ட் ஒரு பக்கெட் தூரத்துக்கு மேல் பின்வாங்கக் கூடாது. கதவு திறந்திருப்பதை உணரும் லிமிட் ஸ்விட்ச் கதவில் இருக்க வேண்டும். திறந்த கதவோடு எலிவேட்டர் கிளம்பவே கூடாது. அடைப்பெடுக்கும் வரிசையும் மாறக் கூடாது. முதலில் நெல் வரும் கேட்டை மூடுங்கள். மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் ஐசொலேட்டரை இறக்கிப் பூட்டுப் போட்டுச் சாவியைக் குழியில் இறங்குபவரே தன் பையில் வைத்துக்கொள்ளட்டும். ஸ்டார்ட் பட்டனை ஒருமுறை அழுத்தி, கிளம்பவில்லை என்று உறுதி செய்யுங்கள். பிறகு மேலே பார்வைக் கதவு வழியாகப் பெல்ட்டை இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். அதன் பிறகே அடிக்கதவைத் திறக்க வேண்டும். அப்போதும் நீளக் காம்பு உள்ள சுரண்டியால்தான் வாரலாம், கையை விடக் கூடாது. இதெல்லாம் சேர்ந்து கால் மணி நேரம் பிடிக்கும். அந்தக் கால் மணி நேரத்துக்குத்தான் ஆலையில் பொறுமை இருப்பதில்லை.

அடைப்பே வராமல் பார்ப்பது இதைவிட நல்லது. அடிப்பெட்டியில் நெல் வரும் வாயிலிலும், மேலே கொட்டும் குழாயிலும், நெல் நிறைந்ததைச் சொல்லும் லெவல் சென்சார் ஒவ்வொன்று வேண்டும். மேலே குழாய் நிறைந்தால் அடுத்த இயந்திரம் வாங்கவில்லை என்று பொருள். கொட்ட முடியாத நெல் எல்லாம் இறங்கும் பக்கமாகத் திரும்பி அடியில்தான் சேரும். இரண்டு மூன்று நொடி தொடர்ந்து நிறைந்திருந்தால் நெல் வரத்து நிற்க வேண்டும். புழுங்கலரிசிக்கு நெல் அவிக்கும் பகுதியில், நெல்லைத் தொடாமலே உணரும் கெபாசிடிவ் சென்சார் சரிப்படாது. ஆவியும் ஈரப் பிசினும் முகத்தில் ஒட்டிக்கொண்டு, காலியாக இருக்கும்போதே நிறைந்துவிட்டதாகச் சொல்லும். அங்கே நெல் அழுத்தினால் அமுங்கும் டயாஃப்ரம் வகையோ சுற்றும் துடுப்பு வகையோ உழைக்கும். டிரையர் எலிவேட்டருக்குக் கூடுதல் கவனம் தேவை. 35 சதவீத ஈரத்தோடு வரும் அவித்த நெல் 14 சதவீதத்துக்குக் காயும்வரை அதே எலிவேட்டர் வழியாகத் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. அது நின்றால் டிரையருக்குள் நெல்லும் நின்றுவிடும், வெப்பக்காற்று மட்டும் வந்துகொண்டிருக்கும். ஆகவே அந்த ட்ரிப் சிக்னல் வெப்பக்காற்று விசிறிக்கும் போக வேண்டும்.

பேரிங் சூட்டுக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு சென்சார். 70 டிகிரியில் எச்சரிக்கை, 80-ல் நிறுத்தம் என்பது நாங்கள் வைக்கும் அளவு. சித்திரை வெயிலில் கூரைத் தகரத்தின் கீழேயே 45 டிகிரி இருக்கும் என்பதால் 60-ல் வைத்தால் வீணாகக் கத்தும். கிரீஸ் துளையிலேயே திருகும் வகை சென்சார் வாங்கினால் கிரீஸ் அடிக்கவும் வழி இருக்கும். சூடாகிறது என்றதும் கிரீஸை மேலும் மேலும் திணிக்காதீர்கள். அளவுக்கு மிஞ்சிய கிரீஸே பேரிங்கைச் சூடாக்கும். பெல்ட் ஒருபக்கம் ஒதுங்கி தகரத்தில் உரசுவதைக் கண்டுபிடிக்க மேலும் கீழும் இருபுறமும் தொடு சென்சார்கள் உண்டு. இரண்டு பக்கத் திருகையும் சமமாக இறுக்காததும், பெல்ட் மூட்டு கோணலாகப் போட்டதும், புல்லியில் ஈரத் தவிடு அப்பியிருப்பதும்தான் பெரும்பாலும் ஒதுங்கக் காரணம்.

ஹூட்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பேனல் அறையில் உட்கார்ந்திருப்பவருக்குக் குழிக்குள் யார் இருக்கிறார் என்று தெரியாது. ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் 10 நொடி ஹூட்டர் அடித்த பிறகே மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் காண்டாக்டர் இணைய வேண்டும். அதுவரை டைமரே அதைத் தடுத்து நிறுத்த வேண்டும். ஹூட்டருக்குத் தனிப் பட்டன் வைத்தால் இரண்டாம் வாரத்திலிருந்து அதை யாரும் அழுத்த மாட்டார்கள். ஆலைச் சத்தத்தைவிடக் குறைந்தது 15 டெசிபல் கூடுதலாக ஒலிக்க வேண்டும். குழிக்குப் பக்கத்தில் சுழல் விளக்கும், அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் அவசர நிறுத்தப் பட்டனும் இருக்க வேண்டும். கிளம்பப் போவதற்கு நீண்ட ஒலி, கோளாறுக்கு விட்டு விட்டு ஒலி என்று பிரித்துவிடுங்கள். இன்று பல ஆலைகளில் மூட்டை தூக்குவதும் குழி வாருவதும் பீகார், ஒடிசா, ஜார்கண்ட், மேற்கு வங்கத் தொழிலாளர்கள். தமிழில் எழுதிய எச்சரிக்கைப் பலகை அவர்களுக்குச் சுவரில் கிடக்கும் படம்தான். பலகை இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் இருக்க வேண்டும், எந்த ஒலிக்கு என்ன அர்த்தம் என்பதை வேலைக்குச் சேரும் அன்றே கேட்கவைத்துக் காட்ட வேண்டும்.

கருவியை வைத்தால் மட்டும் ஆகாது, வாரம் ஒருமுறை சோதிக்க வேண்டும். காலியாக ஓடும்போது வேக சென்சாரைப் பிராக்கெட்டிலிருந்து கழற்றிப் பிடியுங்கள். சில நொடியில் எலிவேட்டர் நிற்க வேண்டும். பேரிங் சென்சாரின் ஒயரைக் கழற்றினாலும் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் பேனலைத் திறந்து பாருங்கள், சென்சாரைத் தவிர்த்து ஓடவைக்கும் பைபாஸ் ஒயர் ஒன்று எங்கேயோ இருக்கும். யார் எப்போது எதற்காகப் போட்டார் என்று ஒரு நோட்டில் எழுதாமல் பைபாஸ் போடவே விடக் கூடாது.

1977 டிசம்பர் 22 அன்று அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தின் வெஸ்ட்வீகோவில் ஒரு தானியக் கிடங்கு வெடித்து 36 பேர் மாண்டார்கள். ஐந்தாம் நாள் டெக்சாஸின் கால்வெஸ்டனில் இன்னொரு கிடங்கு வெடித்தது. 1987 கடைசியில் தானியக் கையாளலுக்கென்றே அங்கே தனி விதி வந்தது. பெல்ட் வேகம் 20 சதவீதம் குறைவதற்குள் எலிவேட்டரை நிறுத்தும் கருவி, பேரிங்கையும் பெல்ட் ஒதுங்குவதையும் கண்காணிக்கும் ஏற்பாடு, எலிவேட்டரைச் சுற்றி எட்டில் ஓர் அங்குலத்துக்கு மேல் தூசு சேரக் கூடாது என்பதெல்லாம் அதில் உண்டு. அந்தப் பகுதிகள் மலை போன்ற கிடங்குகளுக்காக எழுதப்பட்டவை, நம் எலிவேட்டர்கள் சிறியவை. ஆனால் வழுக்கும் பெல்ட்டின் சூடு ஊருக்கு ஊர் மாறுவதில்லை.

நம் ஊரில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், இயங்கும் பாகங்களுக்கு வேலி இட 21-ஆம் பிரிவிலும், வெடிக்கும் தூசுக்கு முன்னெச்சரிக்கை எடுக்க 37-ஆம் பிரிவிலும் சொன்னது. அந்தச் சட்டப்படி மின்சாரத்தில் ஓடும் இடத்தில் 10 பேர் இருந்தாலே அது தொழிற்சாலை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2020-ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அந்த எண்ணிக்கை 20 ஆகிவிட்டது. 12 பேர், 15 பேர் வேலை செய்யும் ஆலைகள் ஏராளம். அவை இனித் தொழிற்சாலை என்ற வரையறைக்குள்ளேயே வராது. ஆய்வாளர் வந்து பார்ப்பார் என்று காத்திருக்க முடியாத நிலை.

ஆனால் அந்தச் சின்ன ஆலைகளில் பல, தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்கு நெல் அரைத்துக் கொடுக்கும் அரவை முகவர்கள். 100 கிலோ நெல்லுக்குப் பச்சரிசி 67 கிலோ, புழுங்கலரிசி 68 கிலோ என்று ஒப்பந்தம் கறாராகக் கணக்குப் பார்க்கிறது. ரேஷன் அரிசியில் கறுப்பரிசி வரக் கூடாது என்று கலர் சார்ட்டர் வைக்கச் சொன்னதும் அரசுதான். பல லட்சம் ரூபாய் செலவழித்து ஆலைகள் வைத்தன. ஒரு எலிவேட்டருக்கு வேகக் கண்காணிப்பு சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். அரிசியில் ஒரு கறுப்பு மணி இருக்கக் கூடாது என்று நிபந்தனை போட முடிந்த அரசால், அதை அரைப்பவரின் விரலுக்கும் ஒரு நிபந்தனை போட முடியும்.

அடுத்த அரவை ஒப்பந்தத்தில் நான்கைச் சேர்க்குமாறு உணவுத் துறையையும் வாணிபக் கழகத்தையும் கேட்டுக்கொள்கிறோம்: ஒவ்வொரு எலிவேட்டரின் கீழ் தண்டிலும் நெல் வரத்தையும் சேர்த்து நிறுத்தும் வேக சென்சார், மேல் தண்டில் பின்னோட்டத் தடுப்பு, கதவு ஸ்விட்சும் 10 நொடி ஹூட்டரும், வாராந்திரச் சோதனை நோட்டு. தரம் பார்க்க ஆலைக்கு வரும் அலுவலர் அந்த நோட்டையும் வாங்கிப் பார்த்து, ஒரு எலிவேட்டரின் சென்சாரைத் தன் கண் முன் கழற்றச் சொல்லட்டும். கழகத்தின் சொந்த நவீன அரிசி ஆலைகளிலிருந்து இதைத் தொடங்கலாம். அதற்கு ஒப்பந்தம் எதுவும் திருத்தத் தேவையில்லை.

இப்படிக்கு,
அரிசி ஆலைப் பராமரிப்பு மற்றும் மின்பணியாளர்கள் சிலர்,
காங்கேயம்.